பிரிக்காமல் அறிதல்

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே,

குந்தவை ஜினாலயம் நிற்கும் இம்மலையடியில் பகா எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆரணிப் பட்டு நெய்பவர்களுக்கு அது அந்நியமல்ல. பாவில் 120 இழை ஒதுக்கினால் 15 இழைக்கு ஒன்றாக எட்டுப் புட்டா போடலாம். பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டும் போடலாம். 127 இழை என்றால்? எப்படிப் பங்கிட்டாலும் மிச்சம் நிற்கும். 127 பகா எண்.

அதற்கு இன்னொரு முகம் உண்டு. ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. கணினியும் எண்களை இப்படித்தான் எழுதுகிறது. ஏழு இடங்களுக்கு 1, 2, 4, 8, 16, 32, 64 என்று மதிப்பு. ஏழிலும் ஓட்டை போட்டால் கூட்டுத்தொகை 127. எல்லா இடமும் ஓட்டையான எண்ணுக்கு 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயர். அவையெல்லாம் பகா எண்கள் அல்ல. 11 ஓட்டை போட்டால் 2047. அது 23 × 89.

2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டியூரன்ட் கண்டறிந்த பகா எண்ணுக்கு 13,62,79,841 ஓட்டைகள். சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் அட்டை இங்கிருந்து மும்பையையும் தாண்டும். வழக்கமான முறையில் எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். அன்றுவரை அறிந்த பகா எண்களில் அதுவே பெரியது.

இவ்வளவு பெரிய எண் பிளவுபடாது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்க்க ஆயுள் போதாது. கணித அறிஞர் லூகாஸ் தொடங்கி, பின்னர் லெமர் செம்மை செய்த வழி வேறு. நம் 127ஐயே சோதிப்போம். 4இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி, 2 கழித்து, 127ஆல் வகுத்து மீதியை வையுங்கள். அந்த மீதிக்கும் அதையே செய்யுங்கள்: 14, 67, 42, 111, 0. ஓட்டைகளின் எண்ணிக்கையில் இரண்டு குறைத்து, ஐந்தே படி. கடைசியில் சுழி வந்தால் பகா எண்.

பிரிக்காமல் அறிந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: 67 ஓட்டை எண்ணைப் பகா எண் என்று மெர்சென் எழுதிவைத்தார். அது பிளவுபடும் என்று 1876இல் லூகாஸ் நிறுவினார். துண்டுகள் எவை என்று அவருக்கே தெரியாது. 1903இல்தான் கணித அறிஞர் கோல் அவற்றைக் கண்டெடுத்தார்.

லூகாஸ்–லெமர் வழி மெர்சென் எண்களுக்கு மட்டுமே. எந்த எண்ணுக்கும் பொருந்தும் வழி 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. தந்தவர்கள் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், பி.டெக். முடித்த கையோடு இருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும். வகுத்துப் பார்க்கும் முறையில் எண்ணுக்கு இரண்டு இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்காகும். இவர்கள் முறையில் இலக்கங்களே இரட்டித்தாலும் வேலை ஒரு குறிப்பிட்ட மடங்குக்குள்தான் கூடும். நடைமுறையில் இதைவிட வேகமான சோதனைகள் உண்டு. ஆனால் எந்த எண்ணுக்கும், ஊகம் கலக்காமல், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று முதலில் காட்டியவர்கள் இவர்களே. 2006இல் கோடல் பரிசு பெற்றார்கள்.

சேலையைப் பிரித்தா நெசவின் தரம் சொல்கிறீர்கள்? விரலோட்டிச் சொல்கிறீர்கள். உங்கள் விரலறிவைத் தாளில் எழுதித் தர முடியாது. இந்தக் கணக்கையோ பழைய அட்டை ஒன்றின் பின்புறமே எழுதிவிடலாம். இன்றிரவு பிள்ளைகளோடு ஐந்து ஓட்டை எண்ணான 31க்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் படியில் சுழி வரும்.