செவி வழியே வந்த ஓவியம்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



முன்மண்டபச் சுவரில் நாயன்மார் வரலாற்றை வண்ண ஓவியமாகத் தீட்டுவிக்கத் திருப்பணிக் குழுவினர் கருதியிருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். ஆயினும், அச்சிட்ட படங்களைப் பார்த்து அப்படியே பெரிதாக எழுதிவிடலாம் என்று ஒரு பேச்சு நடப்பதாகவும் கேள்வியுற்றேன். அதனாலன்றோ, சித்தாந்தம் பேச வந்தவன் ஓர் ஓவியரைப் பற்றிப் பேசத் துணிந்தேன்!

அவர் மயிலாப்பூரில் வாழ்ந்த எஸ். ராஜம். 1919 இல் பிறந்து 2010 இல் மறைந்தவர், வீணை எஸ். பாலசந்தரின் தமையனார். 1934 இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் இராமனாக நடித்தவரும் இவரே. சென்னை ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறை பயின்றார். அதனோடு நின்றிருப்பின் உருவப்படம் எழுதுவோருள் ஒருவராகப் பிழைத்திருப்பார். அஜந்தாவுக்கும் சித்தன்னவாசலுக்கும் சென்று பழஞ்சுவர்களின் முன் நின்றபின் அவர் கை வேறாயிற்று. நிழலும் ஒளியும் காட்டி உருவைத் திரட்டுவதை விடுத்து, கோட்டினாலேயே உயிர் காட்டும் நம் முன்னோர் நெறியைப் பற்றினார். நீர்வண்ணத்தைத் தாளில் இட்டு, நீரால் கழுவி, உலர்ந்தபின் மீண்டும் இட்டு, மெல்ல மெல்ல நிறமேற்றும் முறை அவருடையது. அவசரக்காரர்க்கு அது கைகூடாது.

அவர் பாடகருங்கூட. பாபநாசம் சிவன், மதுரை மணி ஐயர் ஆகியோரிடம் பயின்றவர். சென்னை வானொலி நிலையத்தில் பணிபுரிந்தவர். கோடீசுவர ஐயர் 72 மேளகர்த்தா இராகங்களிலும் அருளிய 'கந்த கானாமுதம்' என்னும் தமிழ்ப் பாடல்களைப் பாடிப் பரப்பினார். அவ்விராகங்களுள் 40, விவாதி மேளங்கள். பாடினால் தீங்கு வருமென்று பலரும் அஞ்சி ஒதுக்கியவை. ராஜம் அஞ்சவில்லை, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார்! பழனிக்கு நடந்து செல்லும் அடியார்கள் நம் ஊரைக் கடக்கும் தைப்பூச நாள்களில் இப்பாடல்கள் ஒலித்தால் எத்துணை நன்றாயிருக்கும்! அது வேறொரு விண்ணப்பம்.

தியாகராசர், தீட்சிதர், சியாமா சாத்திரியார் ஆகிய மூவரையும் அவர் எழுதினார். இல்லங்களிலும் சபைகளிலும் நாம் காணும் மூவர் படங்கள் பல அவர் வழி வந்தவையே. அம்மூவரின் கீர்த்தனங்களைத் தாமே பாடி உணர்ந்தவர் எழுதிய முகங்கள் அவை.

இது சைவர்க்குப் புதிதன்று. தேவார மூவரும் ஊர்தோறும் நடந்தனர். கண்ட தலத்தைப் பண்ணிலே வைத்துப் பாடினர். அப்பாட்டைக் கேட்ட நாடு பின்னர் அதனைச் சுவரில் எழுதிற்று. தஞ்சைப் பெரியகோயிலில் 1931 இல் நாயக்கர் கால ஓவியத்தின் அடியிலிருந்து சோழர் ஓவியம் வெளிப்பட்டது. சுந்தரர் வெள்ளையானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை செல்லும் காட்சி அங்குண்டு. ஆடலும் பாடலும் சூழ அவர்கள் செல்வதைக் காண்பவர்க்குக் காதிலும் ஏதோ கேட்கும்.

மேலே பூசியவர் தீயவர் அல்லர்; அவரும் பத்தியினாலேயே பூசினார். இதை ஏன் சொல்கிறேன்? என் இளமையில் ஒரு சிற்றூர்க் கோயில் திருப்பணிக்கு யோசனை சொல்ல என்னை அழைத்தார்கள். பிராகாரச் சுவரில் மங்கிய ஓவியங்கள் இருந்தன. புகை படிந்த முகங்கள். ஒரு கை, ஒரு யாழின் முனை. குடமுழுக்குக்கு நாள் நெருங்கிவிட்டது. "வெள்ளையடித்துவிடலாமா, ஐயா?" என்று கேட்டார்கள். நானும் தலையசைத்தேன். மறுநாள் சுவர் பளிச்சென்றிருந்தது, அனைவரும் பாராட்டினர். அந்த யாழ் திருநீலகண்ட யாழ்ப்பாணருடையதோ என்ற எண்ணம் பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உதித்தது. அதனைச் சுரண்டிப் பார்க்கவும் இனி வழியில்லை. அச்சுவரையே இடித்துக் கட்டிவிட்டார்கள்.

ஆதலின் குழுவினரை வேண்டுகிறேன். மண்டபச் சுவரில் பழைய சாந்து இருக்குமிடத்தை வல்லார் ஒருவர் பார்க்கும்வரை தொடாதீர்கள். ஓவியரை முதலில் தாடிக்கொம்புக்கு அனுப்புங்கள். சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களைக் காணட்டும். பெருமாள் கோயிலாயிற்றே என்று சைவர் தயங்க வேண்டா. அருகிலிருந்தும் அதனைக் காணாதார் நம்மிடையே பலர். பின்னர்த் தஞ்சைக்கும் சித்தன்னவாசலுக்கும் சென்று வரட்டும். அவர் எழுதும் நாள்களில் ஓதுவார் ஒருவரை அருகிருத்தி அந்தந்த நாயன்மார்க்குரிய பதிகத்தைப் பண்ணோடு பாடச் செய்யுங்கள். வழிச்செலவும் ஓதுவார்க்குரிய சன்மானமும் அடியேன் பொறுப்பு.

திருச்சிற்றம்பலம்