கூட்டரசாங்கமும் குத்தகை உறுதியும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழர் கட்சிகள் கொழும்பு அரசாங்கத்தில் சேரலாமா, கூடாதா என்ற கேள்வி ஒவ்வொரு பொதுத் தேர்தலின் பின்னும் எழுகிறது. மந்திரிப் பதவி என்றாலே துரோகம் என்கின்றனர் ஒரு சாரார். கிடைத்ததைப் பெற்றுக்கொள்வோம் என்கின்றனர் மற்றச் சாரார். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வியொன்றுண்டு. எந்த நிபந்தனையில் சேருவது? அந்த நிபந்தனையை நிறைவேற்றுவிக்கும் வழி என்ன?

இச்சபையில் வழக்கறிஞரும் வைத்தியரும் உத்தியோகத்தரும் இருக்கின்றீர்கள். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த கமக்காரரும் இருக்கின்றீர்கள். கமக்காரர் நன்கறிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். பத்துப் பரப்புக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதானாலும் நாம் மூன்று விடயங்களைப் பார்க்கின்றோம். எல்லை, தவணை, சாட்சி. இம்மூன்றும் இல்லாத உறுதியில் எவரும் கையொப்பமிடார். ஓர் இனத்தின் உரிமையை எழுதும்போது மட்டும் இவற்றை மறந்துவிடலாமா?

1960 தந்த பாடம்

1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 இடங்கள், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. தமிழரசுக் கட்சியின் 15 உறுப்பினரே துலாக்கோலின் முள்ளாக நின்றனர். பிரதேச சுயாட்சி, தமிழ்மொழி, குடியேற்றம், மலையகத் தமிழரின் குடியுரிமை ஆகியவை பற்றிய கோரிக்கைகளைக் கட்சி முன்வைத்தது. டட்லி சேனநாயக்கா ஏற்கவில்லை. ஏப்ரல் 22ஆந் திகதி அவரது அரசாங்கம் 61க்கு 86 என்ற வாக்குகளால் வீழ்ந்தது. சுதந்திரக் கட்சியார் நியாயம் செய்வர் என்று நம்பினோம். ஜூலைத் தேர்தலில் அக்கட்சி 75 இடங்களைப் பெற்றது. நமது வாக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே நமக்களித்த வாக்கும் தேவைப்படவில்லை. 1961 ஜனவரி முதலாந் திகதி தனிச் சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

எழுதியும் பயனென்ன?

1965 மார்ச்சில் மீண்டும் அதே நிலை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 இடங்கள்; தனித்து ஆள்வதற்குப் போதா. தமிழரசுக் கட்சிக்கு 14. மார்ச் 24ஆந் திகதி டட்லியும் செல்வநாயகம் அவர்களும் ஒப்பந்தமொன்றிற் கையொப்பமிட்டனர். வடக்குக் கிழக்கில் நிர்வாகமும் நீதிமன்ற நடவடிக்கையும் தமிழில் நடைபெறும். மாவட்ட சபைகள் அமையும். குடியேற்றத் திட்டங்களில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கே முதலிடம். வழக்கறிஞருக்கும் கமக்காரருக்கும் இவற்றிலும் வேண்டியது வேறென்ன?

ஆனால் அந்த உறுதியைச் சற்று விரித்துப் படியுங்கள். மாவட்ட சபைகளின் அதிகாரம் இருதரப்பும் பின்னர் இணங்கி முடிவுசெய்வதாம், எல்லை குறிக்கப்படவில்லை. எந்நாளுக்குள் சட்டம் வரும் என்று எழுதப்படவில்லை, தவணை இல்லை. வாசகம் மக்கள் முன் வைக்கப்படவுமில்லை, சாட்சியும் இல்லை.

நடந்ததென்ன? திருச்செல்வம் அவர்கள் செனற் சபை வழியாக உள்ளூராட்சி மந்திரியானார். 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் நிறைவேறின. அது ஒரு பேறுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் கச்சேரிக் கடிதங்கள் அதனால் மாறிவிடவில்லை. மாவட்ட சபை வெள்ளை அறிக்கை வெளிவர 1968 ஆயிற்று. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது, திட்டம் கைவிடப்பட்டது. திருகோணமலைக் கோணேசர் ஆலயச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய மந்திரி நியமித்த குழுவையும் பிரதமர் நிறுத்திவைத்தார். திருச்செல்வம் அவர்கள் அவ்வாண்டே பதவி துறந்தார்.

ஜெர்மனியின் வடகோடியில்

டென்மார்க்கின் எல்லையோரமாக ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்னும் ஜெர்மன் மாநிலம் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 50,000 டேனிஷ் சிறுபான்மையினர் வாழ்கின்றனர். 100க்கு 5 வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனமில்லை என்னும் விதி, 1955 முதல் அவர்களுடைய கட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை.

2012 மே 6ஆந் திகதித் தேர்தலில் சட்டசபையின் 69 இடங்களில் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 22, பசுமைக் கட்சிக்கு 10, சிறுபான்மைக் கட்சிக்கு 3. கூட்டினால் 35, பெரும்பான்மைக்கு மட்டுமட்டாகப் போதிய தொகை. அந்த மூவரும் முதலில் பதவி கேட்டு ஓடவில்லை. வாரக்கணக்கிற் பேச்சு நடந்தது. உடன்படிக்கை எழுதப்பட்டது, அச்சிட்டு வெளியிடப்பட்டது. மூன்று கட்சிகளின் மாநாடுகளும் அதனை வாக்கெடுத்து ஏற்றன. அதன் பின்னரே, ஜூன் 12ஆந் திகதி, முதலமைச்சர் தெரிவானார். ஆன்கே ஸ்பூரன்டொங்க் அம்மையார் நீதி, கலாசார அமைச்சரானார். முந்திய ஆட்சி டேனிஷ் பள்ளிகளின் மாணவர் மானியத்தை 100க்கு 85 ஆகக் குறைத்திருந்தது. புதிய ஆட்சி அதனை மீண்டும் சமமாக்கிற்று.

ஜெர்மனியிற் கல்வி மாநிலத்தின் அதிகாரம். அதனால் மாநில அரசு கொடுத்த வாக்கை அதனாலேயே நிறைவேற்ற முடிந்தது. நம் நாட்டிலோ இறுதி அதிகாரம் கொழும்பின் கையில். சமஷ்டி கேட்கும் நமது நியாயம் இதனாலும் வலுப்பெறுகிறது.

பகிரங்கம் மட்டும் போதுமா?

1957இன் பண்டா–செல்வா ஒப்பந்தம் பகிரங்கமானதுதானே, அதையும் 1958 ஏப்ரலில் கிழித்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதில் தலைவர் கையொப்பமிட்டார். அவருடைய கட்சி கையொப்பமிடவில்லை. பிக்குமார் அவர் வீட்டு வாசலில் வந்தமர்ந்தபோது அவருக்குத் துணைநிற்க அவர் கட்சியே கட்டுப்பட்டிருக்கவில்லை. சாட்சி என்று நான் சொல்வது, கொடுப்பவர் தம் குடும்பத்தார் முன்னிலையிற் கொடுப்பதை.

ஆகவே, இனி எவர் நம் பிரதிநிதிகளின் ஆதரவைக் கேட்டு வந்தாலும் நாம் வேண்டுவன இவை. அதிகாரங்களின் பட்டியலோடு சட்டமூலத்தின் நகல் கையில் இருக்கவேண்டும். அது நாடாளுமன்றத்திற்கு வரும் நாள் குறிக்கப்படவேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் அது பத்திரிகைகளில் வெளிவரவேண்டும். கேட்டு வந்த கட்சியின் மாநாடு அதனை ஏற்கவேண்டும். சட்டம் நிறைவேறிய பின் மந்திரிப் பதவியைப் பற்றிப் பேசலாம்.

இதனால் சில வேளை பேரம் முறியலாம். முறியட்டும். எல்லையும் தவணையும் சாட்சியும் இல்லாத உறுதியை நம்பி வயலை இழப்பதிலும், அந்தப் போகம் தரிசாகக் கிடப்பது மேல். உங்கள் தொகுதிப் பிரதிநிதியிடம் இதனை இன்றே கேளுங்கள்; கையொப்பமிட்ட பின் கேட்பதிற் பயனில்லை.