நோயாளியின் இரவு

(திருவிடைமருதூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுவோரின் அச்சத்தையும் உறக்கமின்மையையும் பற்றிச் சில கூற எழுந்துள்ளேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வினவலாம். மார்பகப் புற்றுற்ற என் தமக்கையாரின் கட்டிலருகே ஆறு திங்கள் இருந்தவன் யான். அவ்வளவே எனக்குள்ள உரிமை.

அப்பொழுது அவர்தம் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். தாய்க்குப் புற்று என்னும் செய்தி நம்மவருள் பரவின் சம்பந்தம் கலையுமென அஞ்சி, வயிற்றுப்புண் என்றே ஊரார்க்குச் சொன்னோம். அவ்யோசனை கூறியவனும் யானே. பகலெல்லாம் வருவோர் போவோரிடம் அப்பொய்யைக் காத்த தமக்கையார், விளக்கணைந்தபின் விழித்தே கிடந்தார். நம் மகாலிங்கப் பெருமான் கோயிற் கீழைவாயிலில் பிரமகத்தி காத்து நிற்க, வரகுணபாண்டியன் மேலைவாயில் வழியே சென்று தப்பினான் என்பது நீங்கள் அறிந்த வரலாறு. நோயாளிக்கோ மேலைவாயில் இல்லை. அச்சம் காத்திருக்கும் அதே படுக்கைக்கு இரவுதோறும் திரும்ப வேண்டும்.

ஒருநாள் நள்ளிரவில், "தம்பி, சாவுக்குக்கூட அஞ்சவில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல ஒருவரும் இல்லையே, அதுதான் நெஞ்சை அடைக்கிறது" என்றார்.

உறக்கமின்மை முழுதும் கவலையால் வந்ததென்றே யான் எண்ணியிருந்தேன். அதுவும் பிழை. மருத்துவரிடம் கூறியபோது அவர் முதலிற் கேட்டது, மாத்திரைகளை எந்நேரத்தில் உண்கிறார் என்பதே. கீமோ மருந்தால் வரும் குமட்டலைத் தடுக்க டெக்ஸாமெதாசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. மாலைக்குமேல் உண்டால் அது உறக்கத்தைக் கெடுக்கும். தமக்கையார் இரண்டாம் வேளையை இராச் சோற்றுக்குப்பின் உண்டுவந்தார்! மருத்துவர் அதனை நண்பகலுக்கு மாற்றினார். பகலில் நெடுநேரம் உறங்க வேண்டாமென்றும், உறக்கம் வராவிடில் புரளாமல் எழுந்து சற்று வேறிடத்தில் அமர்ந்து, கண் சுழலும்போது படுக்கைக்குத் திரும்புமாறும் பணித்தார். தூக்கமாத்திரையைத் தாமே கடையில் வாங்கலாகாது என்பதையும் வற்புறுத்தினார். ஏனைய மருந்துகளோடு அது மாறுபடக்கூடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இதற்கு மருத்துவமே வீண் என்றோர் பலர். இன்று தொடக்கத்திற் கண்டறியப்பெற்றோர் பலர் நலமுற்று வாழ்கின்றனர். நம் நாவு மட்டும் 1954க்கு முன்னரே நின்றுவிட்டது. இந்நோய் தொற்றுவதன்று. மார்பகப் புற்றிலும் மரபுவழி வருவது 100க்கு 5 முதல் 10 வரையே. ஐயமுள்ள குடும்பத்தார்க்குச் சோதனையும் உண்டு.

திருக்குறளின் மருந்து அதிகாரம், அருகிருந்து பணிபுரிவோனையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. மாணாக்கர்க்கு இதனைப் பன்முறை கற்பித்த யான், அப்பணியுள் செவிசாய்த்தலும் அடங்கும் என்பதை வீட்டிற்றான் கற்றேன்.

அடுத்து வந்த பிள்ளைவீட்டாரிடம் உள்ளதை உள்ளவாறே கூறினோம். அவர்கள் காப்பியை அருந்தி எழுந்து சென்றனர். பின்னர்ச் சொல் அனுப்பவில்லை. தமக்கையார் சிறிது நேரம் அழுதார். அன்றிரவு இரண்டு மணிக்கு யான் எழுந்து பார்த்தபோது உறங்கிக்கொண்டிருந்தார்.