எல்லையூரில் வேலையும் வெறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நமது ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இப்பொழுது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. இத்தனை மொழியினரும் இத்தனை சமயத்தினரும் பெரும்பாலும் பிணக்கின்றி வாழ்ந்ததற்கு நமது நற்பண்பே காரணம் என்று பெருமை பேசிக்கொள்கிறோம். தொழிற்சாலை வாயிலுக்கும் அதில் பங்குண்டு என்பதையே இன்று நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எழுபதுகளில் அரசு இங்கே சிப்காட் தொழிற்பேட்டையை அமைத்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் வந்தன. 1984இல் டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாக டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. அத்தலைமுறையில் பெரிய ஆலைகளில் சேர்ந்தவர் பயிற்சிக்காலம் முடிந்து நிரந்தரமாகலாம் என்று நம்பினார். கடன் வாங்கி வீடு கட்டினார். சங்கத்திற்குச் சந்தா செலுத்தினார். ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டுமெனில், கன்னடம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும், பள்ளிவாசலுக்குச் செல்பவரும் கோயிலுக்குச் செல்பவரும் ஒன்றாகவே வாயிலில் நிற்க வேண்டியிருந்தது. அன்பினால் அன்று, தேவையினால். ஆயினும் அப்பழக்கம் வீடு வரை வந்தது.

1991 ஜூலையில் தாராளமயக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் எல்லை கடந்து ஓடி வந்தனர். இதனை அக்கொள்கையின் விளைவு என்றுரைப்பது நேர்மையாகாது. ஐந்து மாதத்தில் எந்தக் கொள்கையும் அவ்வளவு செய்துவிடாது. நதிநீர்ப் பிணக்கும் மொழி அரசியலும் அதற்கு முன்பே இருந்தன. அக்கொள்கை செய்தது மெதுவான வேலை. நிரந்தர வேலை சுருங்கியது, ஒப்பந்த வேலை பெருகியது. தடை செய்யப்பட்ட பணியில் அமர்த்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் தொழிலாளராகிவிட மாட்டார் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் காண்ட்ராக்ட் முறைக்கு இருந்த அச்சமும் குறைந்தது.

விளைவை நமது மஹல்லாவிலேயே காண்கிறோம். தந்தை நிரந்தரத் தொழிலாளியாக ஓய்வு பெற்றார்; மகன் அதே வேலையைக் குறைந்த கூலிக்கு ஏஜென்சி வழியே செய்கிறான். ஏஜென்சி மாறினால் பி.எஃப். கணக்கும் குழம்புகிறது. ‘உன் முதலாளி யார்?’ என்று கேட்டால் அவனுக்கே விடை தெரியவில்லை. தொழில் பெருகியதால் பல குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், வருவாய் பெற்றதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குறையைக் கேட்க ஆளில்லாத இடத்தில், கோபம் பக்கத்தில் நிற்பவன் மீது திரும்புகிறது. அப்படித் திருப்பிவிடுவதற்கென்றே அரசியலில் ஆட்களும் உள்ளனர்.

2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகத் தனியார் பேருந்துகள் ஏறத்தாழ 40 எரிக்கப்பட்டபோது, கைதானவர்களில் அன்றாடக் கூலிகளும் இருந்ததாகச் செய்தி வந்தது. காவிரி நீரால் அவர்களது கூலி கூடவோ குறையவோ போவதில்லை! 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்ற பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அதிகாரிகள் குழுவே வந்து பார்க்க நேர்ந்தது. 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் கன்னடர்க்கு ஒதுக்கீடு அளிக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்து, தொழில்துறையினர் எதிர்த்ததும் நிறுத்திவைத்தது. நாள்தோறும் அத்திப்பள்ளி தாண்டிப் பொம்மசந்திராவுக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அன்று கலங்கினர். அதே பிள்ளைகள் ‘வடக்கத்தியான் வந்து நம் வேலையைக் கெடுத்தான்’ என்று பேசுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். கூலியைக் குறைத்தவன் வேறு. குறைந்த கூலிக்கு வந்து நிற்பவன் வேறு. ஆள்காட்டும் விரல் மொழியோடு நிற்பதில்லை, மதத்தின் மீதும் நீளும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே நிர்வாகக் குழு ஒன்றைத் தீர்மானித்துள்ளது. வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின், ஒப்பந்தப் பணியிலுள்ள எவருக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரங்களைச் சரிபார்க்க அலுவலகத்தில் இருவர் அமர்வர். இது ஜமாஅத்தார்க்கு மட்டுமன்று. வெளிமாநிலத்தவர்க்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் உறுப்பினர்கள், தம் குடியிருப்போரையும் அழைத்து வருக. 2020 அக்டோபர் முதல் வெளிமாநிலக் குடும்ப அட்டைக்கும் இங்கே ரேஷன் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லுக. வாடகைக்கு ரசீதும் கொடுத்தல் நலம்.