மண்ணுக்கடியிலிருந்து கண்ணாடிப் பேழைக்கு

அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் சிலையோ ஓடோ காசோ. மற்றது, அது எந்த ஊரில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு. குறிப்பைத் தொலைத்த பொருள் அழகாக இருக்கலாம். வரலாற்றுக்குச் சாட்சி சொல்லாது. சுரங்கமும் கிணறும் ஏரியுமாக மண்ணைத் தோண்டுவது அன்றாட வேலையாகிவிட்ட நெய்வேலி, கம்மாபுரம் வட்டாரத்து மக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டின் மூத்த அருங்காட்சியகம் சென்னையில் 1851-ல் தொடங்கியது. மருத்துவரான எட்வர்டு பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளர். தொடக்கத்தில் அங்கே இருந்தவை பெரும்பாலும் பாறைகளும் கனிமங்களும்தான். 1854-ல் எழும்பூருக்கு இடம் மாறிய பிறகு தொகுப்பு பெருகியது. அமராவதிப் பௌத்தச் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர் தாழிகளோடு கிடைத்த பொருள்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள் ஆகியவை அங்கே சேர்ந்தன. திருவாலங்காட்டு நடராசர் அவற்றுள் ஒன்று. பிரெஞ்சுச் சிற்பி ரோதின் அதைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்துவிட்டு, வியந்து ஒரு கட்டுரை எழுதினார்.

இத்தகைய திருமேனிகள் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர ஒரு சட்டம் வழிசெய்தது. அது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. மறைத்தால் தண்டனை உண்டு. தெரிவித்தவருக்கு நட்டமும் இல்லை. பொருளை அரசு எடுத்துக்கொள்ளும்போது, அதிலுள்ள உலோகத்தின் மதிப்போடு மேலும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து உரியவர்களுக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

குறிப்பு எவ்வளவு பேசும் என்பதற்குத் திருவெண்காடு நல்ல எடுத்துக்காட்டு. காவிரிப்பூம்பட்டினத்துக்கு அருகிலுள்ள இந்த ஊரில், 1950-களின் தொடக்கத்தில் பூமிக்கடியிலிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ரிஷபவாகன தேவர் புகழ்பெற்றவர். காளை இல்லை, அதன்மேல் சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. தலையில் பாம்பு போலச் சுற்றிய சடை. இந்தத் திருமேனி அவ்வூர்க் கோயிலைச் சேர்ந்தது என்று தெரிந்ததால், கோயில் கல்வெட்டோடு ஒப்பிட முடிந்தது. முதலாம் இராசராசன் ஆட்சியில், 1011-ம் ஆண்டைச் சேர்ந்தது என்று காலம் உறுதியாயிற்று. நாள் தெரிந்த இந்தத் திருமேனியை அளவுகோலாக வைத்து, நாள் தெரியாத மற்றத் திருமேனிகளின் காலத்தை அறிஞர்கள் கணிக்கிறார்கள். இப்போது அது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

தோண்டி எடுத்த பொருள் நேரே காட்சிக்குப் போவதில்லை. மண்ணிலுள்ள உப்பு செம்புக்குள் ஊறியிருக்கும். ஈரக் காற்று பட்டதும் அது வெளிர் பச்சைப் பொடியாகப் பூத்து, உலோகத்தை உள்ளிருந்தே தின்னும். இதைத் தடுக்க எழும்பூரில் 1930-களிலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையில் செப்புத் திருமேனிகளைத் தூய்மைப்படுத்தினார். சுத்தமான பொருளுக்குப் பதிவேட்டில் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணே பொருளையும் குறிப்பையும் பிரியாமல் காக்கிறது.

அடுத்தது அடுக்கும் முறை. மூன்று வழிகள் இங்கே வழக்கில் உள்ளன. எழும்பூரில் செப்புத் திருமேனி, கற்சிற்பம், நாணயம் என்று பொருளின் வகைப்படி கூடங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரே வகையைப் பல காலங்களில் ஒப்பிட இது உதவும். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் ஒரே இடத்தின் கதையைச் சொல்கிறது. ஆதன், குவிரன் என்று பெயர் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்ற தக்களிகளும், விளையாட்டுக் காய்களும் சேர்ந்து ஒரு நகர வாழ்க்கையைக் காட்டுகின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் தொடங்கிய தட்சிணசித்ரா மூன்றாவது வழி. தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பல பிரித்துக் கொண்டுவரப்பட்டு அங்கே மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. அங்கே வீடே காட்சிப்பொருள்.

எந்த வழியானாலும் வெளிச்சத்துக்குக் கணக்கு உண்டு. கல்லுக்கும் செம்புக்கும் ஒளியால் கேடில்லை. துணி, காகிதம், ஓலைச்சுவடி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் அளவே பொதுவான வரம்பு. பகல் வெளிச்சமோ பல ஆயிரம் லக்ஸ். மங்கிய சாயம் திரும்ப வராது. ஓவியக் கூடங்கள் அரையிருட்டாக இருப்பதன் காரணம் இதுவே.

கடலூர் மாவட்டமும் இந்தப் பணிக்குப் புறம்பானது அல்ல. பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் 2024-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. மாவட்டத் தலைநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அகழாய்வுக் குழு போகாத இடத்தில் மண்வெட்டி முந்திக்கொள்ளும். கொல்லையிலோ ஏரியிலோ பழைய சிலை, காசு, தாழி எதுவானாலும் தென்பட்டால், தோண்டுவதை அங்கேயே நிறுத்த வேண்டும். பொருளை இடத்திலேயே படம் எடுத்து, ஆழத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. புளி போட்டுத் துலக்கவோ உரசிப் பார்க்கவோ கூடாது. மேலிருக்கும் பாசியும் மண்ணும்கூட ஆய்வுக்கு உதவும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் செய்தி ஆட்சியரைச் சேரும். கண்டெடுத்தவர் சொல்லும் இடமும் ஆழமும்தான், பின்னாளில் கண்ணாடிப் பேழைக்குக் கீழே எழுதப்படும் குறிப்பின் முதல் வரி.