பாதியில் மூடிய நூல்



கடினமான நாவலொன்றைத் தொடங்கிப் பாதியில் மூடிவைத்த வாசகர் அதைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. முழுவதும் படித்ததாகப் பாவனை செய்வோரும் உண்டு. இலக்கியக் கூட்டங்களுக்கு இது புதிதன்று. ஆயினும் இத்தகைய நூலொன்றை முதலில் கைவிட்டவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது.

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1923இல் எழுதத் தொடங்கி 1939இல் வெளியிட்ட 'ஃபின்னகன்ஸ் வேக்' 628 பக்கங்கள் கொண்டது. இரவின் நூலாக, உறக்கத்தின் மொழியில் அதை அவர் எழுதினார். பல மொழிச் சொற்களை ஒன்றாக உருக்கி வார்த்த சொற்கள். முதற்பக்கத்திலேயே இடியோசையாக 100 எழுத்துகள் கொண்ட ஒரு சொல். அகராதி கைகொடுக்காது.

அச்சேறுமுன்னரே இதைக் கண்டு பின்வாங்கியவர்கள் ஜாய்ஸின் பகைவர் அல்லர். அவருடைய முதல் நாவல் இதழில் தொடராக வர வழிசெய்த எஸ்ரா பவுண்டு, 1926 நவம்பரில், தமக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதிவிட்டார். தம்பி ஸ்டானிஸ்லாஸோ பின்னாளில் அண்ணன் தர முன்வந்த படியையே ஏற்க மறுத்தார். இவற்றினும் ஜாய்ஸை உலுக்கியது ஹாரியட் வீவரின் கடிதம். பல்லாண்டுகளாகப் பொருளுதவி செய்து அவர் குடும்பத்தைத் தாங்கிவந்த அம்மையார் அவர். இந்த இருண்மையில் மேதைமை வீணாகிறது என்று பொருள்பட 1927 பிப்ரவரியில் எழுதினார். புரவலர் என்ற முறையில் பணத்தை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. 1941இல் சூரிச்சில் ஜாய்ஸ் மறைந்தபோது இறுதிச் சடங்கின் செலவையும் அவரே ஏற்றார். நூலோடு உடன்பட இயலாத ஒரு வாசகரின் நேர்மை இதைவிடப் பெரிதாக இருத்தல் கூடுமோ?

அந்த ஆண்டிலேயே ஜாய்ஸும் மனம் தளர்ந்தார். தம்மால் இயலாதுபோனால் நூலை முடிக்கும் பொறுப்பை ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ் என்னும் அயர்லாந்துக் கவிஞரிடம் ஒப்படைக்க எண்ணினார். இருவரும் 1882 பிப்ரவரி 2ஆம் நாள் டப்ளினில் பிறந்தவர்கள் என்ற நம்பிக்கையும் அதற்கொரு காரணமாம்! ஆசிரியரே இறக்கிவைக்க நினைத்த சுமை, வாசகர் எம்மாத்திரம்?

ஆனால் அது செவிக்கு எழுதப்பட்ட நூல் என்பதைக் கவிஞர்கள் மறத்தலாகாது. 1929இல் ஜாய்ஸே ஒரு பகுதியைப் படித்து இசைத்தட்டில் பதிந்தார். தனியறையில் சுவராக நிற்கும் பக்கம் உரக்கப் படிக்கையில் நகைப்பூட்டுவதும் உண்டு. கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் 1995இல் ஒரு வாசகர் குழு இந்நூலை எடுத்துக்கொண்டது. மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஓரிரு பக்கங்களே படிப்பார்கள். கடைசிப் பக்கத்தை எட்டியது 2023 அக்டோபரில். நூல் எழுதப்பட்ட காலத்தை விடவும் அது வாசிக்கப்பட்ட காலம் நீண்டுவிட்டது.

நாவலின் இறுதி வாக்கியம் முடிவதில்லை. அதன் எஞ்சிய பாதி முதற்பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் கூடிய குழு, அந்த முதற்பக்கத்தையே மீண்டும் திறந்தது.