புட்டியின் வாய்ப்பூட்டு

வாய்ப்பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும், நம்மில் வயது முதிர்ந்தவர்களுக்கு மேடைப் பேச்சைத் தடுக்கும் அரசாங்க உத்தரவு நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது அந்தப் பூட்டைப் பற்றியன்று. கை கழுவும் சோப்புத் திரவம், தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு, கிருமிநாசினி முதலியவை அடைத்து வரும் புட்டிகளின் தலையில், அழுத்தினால் திரவத்தைக் கக்கும் பம்பு ஒன்று அமர்ந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். அந்தப் பம்பைப் புட்டியின் கழுத்தோடு பிணைத்து வைக்கும் பூட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். “இதில் கால் மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?” என்று என் இல்லத்தரசியே கேட்டாள். என்னால் பேசாமலிருக்க முடியவில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பள்ளி, கும்மிடிப்பூண்டியை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் மின்ரயில்களில் பலவும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கப்பால் சிறிது தூரத்தில் ஆந்திர எல்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளிலும் பிற ஆலைகளிலும் வேலை செய்வோரில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் சிலர் எங்கள் பள்ளியில் தமிழ் வழியிலேயே படித்து, தமிழ்ப் பிள்ளைகளைவிடத் தெளிவாக ழகரம் உச்சரித்ததைக் கேட்டு நான் மகிழ்ந்ததுண்டு.

கொரோனா நோயால் மூடிக் கிடந்த பள்ளிகள், பத்தாம் வகுப்பினருக்கும் பன்னிரண்டாம் வகுப்பினருக்கும் மட்டும் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் திறக்கப்பட்டன. பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போட்டு, கிருமிநாசினிப் புட்டிகளை வரிசையாக வைத்தோம். அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்தத் திரவத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விலை வரம்பு கட்டும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அந்த நினைவோடு, சிக்கனத்தில் ஊறிய ஆசிரியன் புத்தியும் சேர்ந்துகொள்ள, நான் ஓர் உத்தரவு போட்டேன். காலியான புட்டிகளையோ பம்புகளையோ எவரும் எறியக் கூடாது. கழுவி எடுத்து வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

பள்ளியைத் துப்புரவு செய்யும் அம்மையார் உத்தரவை நன்றாகவே நிறைவேற்றினார். கழிப்பறை கழுவும் அமிலத் திரவம் 5 லிட்டர் கேனில் வந்திருந்தது. அதைத் தூக்கி ஊற்றுவது அவருக்குச் சிரமம். ஆகவே ஒரு காலிப் புட்டியில் கொஞ்சம் ஊற்றி, மேலே பம்பைத் திருகி, கழிப்பறையின் பக்கத்தில் வைத்திருந்தார். அங்கே கிடந்த புட்டியை, இடம் மாறி வந்ததென்று எண்ணி, யாரோ ஒரு பையன் பெஞ்சுக்குக் கொண்டுவந்து விட்டான். இரண்டு திரவமும் நீல நிறம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பம்பை இருமுறை அழுத்தி, உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டாள்.

அவள் போட்ட கூச்சல் இன்றும் என் காதில் இருக்கிறது. கணித ஆசிரியை ஓடிவந்து, அவள் கைகளை முகத்தருகே கொண்டுபோக விடாமல் பிடித்திழுத்துக் குழாயடியில் 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டினார். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். தோல் சிவந்து உரிந்ததோடு போயிற்று, கண்ணில் படவில்லை. மாலையில் அவள் தகப்பனார் ஆலையிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தார். ஒடிசாக்காரர். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தமக்குத் தெரிந்த தமிழில், “அந்தப் புட்டி மேலே ஒண்ணும் எழுதலையா, சார்?” என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தது. கிருமிநாசினி என்றே எழுதியிருந்தது.

துப்புரவு அம்மையார் அழுதுகொண்டே ஒன்று சொன்னார்: “காலிப் புட்டிதானேன்னு ஊத்தி வச்சேன் சார். பம்பும் அதுல சரியா உக்காந்துதே!”

பம்பு சரியாக உட்கார்ந்தது! அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏன் சரியாக உட்கார்ந்தது? உட்காராமல் இருந்திருக்க முடியாதா?

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு என் பழைய மாணவர் ஒருவரிடம் போனேன். அவர் தொழிற்பேட்டைப் பக்கம் சிறியதொரு பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர். அன்று அவர் எனக்கு ஆசிரியராக அமைந்தார்.

அவர் முதலில் காட்டியது சுண்டுவிரல் நீளத்துக்கு, சோதனைக் குழாய் போலிருந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. புட்டிக்கு அதுதான் கரு. அதைச் சூடேற்றி, அச்சுக்குள் வைத்துக் காற்றை ஊதினால் உடல் பருத்துப் புட்டியாகிறது. ஆனால் கழுத்து மட்டும் பருப்பதில்லை. மரையோடு கூடிய அந்தக் கழுத்து, கரு வார்க்கப்படும்போதே முடிந்த முடிவாக அமைந்துவிடுகிறது. உடல் குட்டையோ நெட்டையோ, உருண்டையோ சதுரமோ, கழுத்து ஒன்றே. “சார், 28-410 என்று சொன்னால் எந்த ஊர்ப் பட்டறைக்காரனுக்கும் புரியும்” என்றார் அவர். 28 என்பது கழுத்து மரையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 410 என்பது மரையின் வகை, ஒன்றரைச் சுற்று. 400 என்றால் ஒரு சுற்று, 415 என்றால் இரண்டு சுற்று. இந்த அளவில் செய்த பம்பு, இந்த அளவில் செய்த எந்தப் புட்டியிலும் உட்காரும். உள்ளே பன்னீர் இருக்கிறதா, அமிலம் இருக்கிறதா என்று மரை கேட்பதில்லை.

இது குற்றமா என்றால், இல்லை. ஒரே அளவாக இருப்பதால்தான் பொருள் மலிவாகக் கிடைக்கிறது; உடைந்த பம்புக்கு வேறு பம்பு போட முடிகிறது.

பிறகு அவர் ஒரு பம்பை அறுத்துக் காட்டினார். உள்ளே ஒரு கம்பிச் சுருள், ஒரு தண்டு. அடியில், மிளகைவிடச் சற்றுப் பெரிய ஒரு கண்ணாடிக் குண்டு! அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு எங்களை அழைத்துப் போவார்கள். வேப்பிலையும் கூட்டமும் ஆரணியாற்று மணலும் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களுக்கு அங்கே கிடைக்கும் கோலி சோடாதான் பெரிய தெய்வம். அந்த சோடாப் புட்டியைச் செய்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1872-இல் அதற்கு முழு உரிமம் பெற்றார். புட்டியைத் தலைகீழாக வைத்து நீரையும் வாயுவையும் ஏற்றுவார்கள். கோலி தன் எடையால் வாய்ப்பக்கம் வந்து விழும். நிமிர்த்திய பிறகும் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியும் இல்லை, திருகும் இல்லை. அடைபட்ட வாயுவே தனக்குக் காவலாளி. விரலாலோ மரக்கட்டையாலோ ஓங்கி அழுத்தினால் கோலி உள்ளே விழுந்து, கழுத்தில் உள்ள இடுக்கில் தங்கிவிடும். குடிக்கும்போது உருண்டு வந்து வாயை அடைக்காமலிருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளங்கள். இத்தனை அறிவும் அந்த ஒரு புட்டியில் இருந்தது. ஒருமுறை திறந்துவிட்டால் வீட்டில் அதை மறுபடியும் அடைக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்தப் பம்பின் அடியிலும் அதே கோலிதான், உருவில் சிறுத்து உட்கார்ந்திருக்கிறது. தலையை அழுத்தும்போது திரவம் கீழே திரும்பாமல் கோலி துளையை அடைக்கிறது; திரவம் மூக்கு வழியே வெளியேறுகிறது. கையை எடுத்ததும் சுருள் தண்டை மேலே தள்ள, கோலி எழும்பி, புதுத் திரவத்துக்கு வழிவிடுகிறது. சில பம்புகளில் எஃகுக் குண்டு இருக்கும். நம் வீட்டுக் கைப்பம்பின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே.

நிற்க. பூட்டுக்கு வருவோம். பம்பில் பூட்டு என்று சொல்லப்படுவது இரண்டு. தலையைக் கீழே அழுத்தி வலப்புறம் திருகினால், தலை கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொண்டு எழும்பாமல் நிற்கிறதே, அது ஒன்று. புதிதாக வாங்கும் புட்டி பெரும்பாலும் இப்படித்தான் வரும். இடப்புறம் திருகினால் தலை துள்ளி எழும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரியில் குலுங்கும்போது திரவம் பீச்சாமலிருக்க ஏற்பட்டது இது. இதைப் பாதுகாப்பு என்று எண்ணிக் குழந்தை எட்டும் இடத்தில் வைப்பவர்கள் ஏமாறுவார்கள். என் மூன்று வயதுப் பேத்தி அதை ஒரு நொடியில் திறக்கிறாள்.

மற்றொன்றே உண்மையான பூட்டு. புட்டிக் கழுத்தின் அடியில் சிறு பற்களை வைத்து வார்க்கிறார்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் செங்குத்து. பம்பின் கழுத்துப்பட்டையின் உட்புறத்திலும் அவ்வாறே. முடுக்கும்போது சரிவின்மேல் சரிவு ஏறி, டக் டக்கென்று இறங்கும். திருப்பிக் கழற்ற முயன்றால் செங்குத்துப் பக்கங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். பழவேற்காட்டு ஏரிப்பக்கத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறிக்குள் மீன் நுழையும், திரும்பாது. அத்தகைய பம்பைப் பலவந்தமாகத்தான் பிரிக்க முடியும். பிரித்தால் பட்டை கிழிந்து, யாரோ கைவைத்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆபத்தான பொருளுக்குத் தனி வாய் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. மருத்துவமனையில் மயக்க மருந்துக் கருவியில் பொருத்தும் சிறு வாயு உருளைகளைப் பாருங்கள். உருளையின் வால்வில் இரண்டு துளைகள். கருவியில் இரண்டு முளைகள். ஆக்ஸிஜனுக்கு 2, 5 என்ற இடங்களில். நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 3, 5 என்ற இடங்களில். மாற்றி வைத்தால் உட்காரவே உட்காராது. நள்ளிரவில், அரைத் தூக்கத்தில், எழுத்தைப் படிக்காமல் பொருத்த முயன்றாலும் இரும்பு இணங்காது. நம் சமையலறையில் எரிவாயு ரெகுலேட்டரைக் குமிழ் திறந்திருக்கும்போது கழற்ற முடியாதபடி செய்திருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒடிசாக்காரத் தகப்பனார் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை என்று எனக்குத் தோன்றிற்று. எழுத்து, படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் பேசுகிறது. அதுவும் சில வேளை பொய் பேசுகிறது. கழுத்தின் பல் எல்லா மொழிக்காரனுக்கும் கையிலேயே சொல்லிவிடுகிறது.

இவ்வளவு சொன்னவன், மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. நாம் எதையும் எறியாத குடியில் பிறந்தவர்கள். என் தாயார் ஹார்லிக்ஸ் புட்டியில் பருப்பும், பிஸ்கட் டப்பாவில் ஊசி நூலும் வைத்து வாழ்ந்தார். பூட்டிய புட்டி காலியானால் குப்பைக்குத்தான் போகும். பம்புக்குள் பிளாஸ்டிக்கும் எஃகுச் சுருளும் கண்ணாடிக் குண்டும் கலந்திருப்பதால் அதைப் பிரித்து உருக்குவதும் எளிதன்று. பெரிய வணிகர்கள் சிலர் பூட்டை விரும்புவது நம் குழந்தைகளின் கைக்காக மட்டுமன்று. தங்கள் புட்டியில் வேறொருவர் சரக்கு நிரம்பக் கூடாது என்பதற்காகவும்தான். ஆகவே சோப்புத் திரவத்துக்கும் ஷாம்புக்கும் பூட்டு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவை திறந்தே கிடக்கட்டும். மீண்டும் மீண்டும் நிரம்பட்டும். அமிலம், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் போன்றவற்றின் கதை வேறு.

மண்ணெண்ணெய் என்றதும் ஒன்று. அதைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கள் தலைமுறையில் வீட்டுக்கு வீடு இருந்தது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியின்போது அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலைப் புண்ணாக்கும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதே வழி.

கனடா நாட்டில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், விஷம் உண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து சலித்து, 1967-இல் மருந்துப் புட்டிக்கு ஒரு மூடியைக் கொண்டுவரக் காரணமாக இருந்தார். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். இரண்டு செயலை ஒரே நேரத்தில் செய்வது சிறு குழந்தைக்கு எளிதில் கைவராது. 1970-இல் அமெரிக்கா இத்தகைய மூடிகளுக்குச் சட்டமே இயற்றியது. அந்த மூடியைத் திறக்க என் மூட்டுவலிக் கைகள் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். முதியவர்களும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற சோதனை பின்னால்தான் சேர்ந்தது.

பட்டறையை விட்டுப் புறப்படுமுன் என் மாணவரிடம் கேட்டேன்: “கழிப்பறை அமிலத்துக்கென்று, வேறு எந்தப் பம்பும் உட்காராத கழுத்து ஒன்றை உன்னால் வார்க்க முடியுமா?”

அவர் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மரை இடப்புறமாகச் சுற்றியிருந்தது. அடியில் ஆறு பற்கள். என் கையிலிருந்த பம்பை அதன்மேல் வைத்துத் திருகிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. எத்தனை முறை திருகியும் பிடிக்கவில்லை.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே மாதிரி செஞ்சு வச்சேன் சார். அச்சுக்கு ஒருமுறை செலவு. அப்புறம் புட்டிக்கு ஒண்ணும் பெரிசா ஏறாது” என்றார்.

“பிறகு ஏன் செய்யவில்லை?”

“கேட்டா செஞ்சு கொடுப்பேன் சார். இதுவரைக்கும் யாரும் கேக்கலை.”